சேலைத் தொட்டிலில் நாலு நாள்

பிள்ளைகளே, போன மாதம் ஜெஞ்சாரோமில் உங்கள் அத்தை மகனுக்குக் கல்யாணம் நடந்தது. நாம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். "அழைக்கவில்லை, போகவில்லை" என்றேன். அது உண்மைதான். ஏன் அழைக்கவில்லை என்று கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கு வாயால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் பாரம் வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சின்னவனே, இது நீ பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத சமயத்தில் நடந்தது. பெரியவளே, உனக்கு அப்போது ஐந்து வயது. உன்னைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் விட்டிருந்தோம். உனக்கு அவர்கள் வீட்டு மீன்தொட்டி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அப்போதும் நாம் கிள்ளானில் இதே பிளாட்டில்தான் இருந்தோம். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அம்மா ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்தவள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு கிளினிக் தேதியைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அங்கே கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பாள். கர்ப்பிணிகளுக்குத் தாதிமார் வகுப்பு எடுப்பார்கள். அப்பாமாருக்கும் சேர்த்துத்தான் நாற்காலி போட்டிருப்பார்கள். நான் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"உள்ள வாங்களேன், காத்தாடி இருக்கு" என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

"பெத்துக்கப் போறது நீயா நானா?" என்றேன். பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

நீ பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதான். மறுநாள் டாக்டர் வந்து, உனக்கு ஜி சிக்ஸ் பி டி குறை இருக்கிறது என்றார். அப்படி என்றால் ரத்தத்தில் இருக்கிற சிவப்பணுவுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைவு. ஆகாத சில சாமான்கள் பட்டால் அது உடைந்துபோகும். உடைந்தால் உடம்பு மஞ்சளாகும். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் அளவு மீறினால் மூளைக்கு ஏறும், காது போகலாம், கைகால் விறைத்துப் போகலாம். ஆகாததைத் தள்ளி வைத்தால் எல்லாப் பிள்ளையையும் போல ஓடியாடி வளரும். டாக்டர் இவ்வளவு தெளிவாகத்தான் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

ஐந்து நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அம்மா திரைக்குப் பின்னால் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதுத் தாதி ஒருத்தி என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். மலாயில் எழுதியிருந்தது. சில மாத்திரைகள், சில வகைப் பயறு, சீனக் கடை மருந்துகள், கடைசியில் ஊபாட் கெகாட். துணிப் பெட்டியில் பூச்சி வராமல் போடுகிற வெள்ளை அந்துருண்டைக்கு மலாயில் அதுதான் பெயர். எனக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தூக்கியிருக்கிறேன்.

"என்ன மிஸ்ஸி, பச்சப் புள்ளைக்கு யாராவது அந்துருண்டைய ஊட்டுவாங்களா?" என்றேன்.

"ஊட்டறது மட்டும் இல்லண்ணே" என்று அவள் தொடங்கினாள். அப்போது என் போன் அடித்தது. சூப்பர்வைசர். அவளைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவள் வேறு கட்டிலில் இருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டேன். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பயறு, நாட்டு மருந்து, அதெல்லாம் கூடாதாம்."

"அவ்வளவுதானா? தாள் எங்க?"

"இருக்கு லா. மோட்டார்ல வச்சுக்கறேன். நீ முதல்ல எழுந்திரு."

அந்தத் தாளை அவளிடம் கொடுத்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

அத்தையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. குரல் பெரிசு, கை பெரிசு, யார் வீட்டுக்குப் போனாலும் நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள். உங்கள் அம்மாவை அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. "புத்தகம் பார்த்துப் புள்ள வளக்கறவ" என்பாள். அம்மாவுக்கும் அவளைப் பிடிக்காது. அம்மா எதுவும் சொல்ல மாட்டாள், அத்தை வந்து போன பிறகு எல்லா மூடியையும் திரும்பக் கழுவுவாள். நடுவில் நான் எப்போதும் அக்கா பக்கம். அப்படி இருந்தால்தான் ஆம்பளை என்று எனக்கு ஒரு நினைப்பு.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது. குடும்பத்தில் திடமாக வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைத்தான் முதலில் போட வேண்டும். தொட்டில் கட்டுவது அப்பனோடு பிறந்தவளின் கூறைச் சேலையில். பெரியவளே, நீ பிறந்தபோது அத்தைக்கும் நமக்கும் பேச்சு இல்லாததால் உனக்கு இரும்புக் கட்டில். இந்த முறை ஆண் பிள்ளை என்றதும் அவளே போன் செய்தாள்.

"தம்பி, என் சேலையும் பெரியவனோட சட்டையெல்லாமும் டிரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன். என்னமோ ரத்தத்துல குறைங்கிறியே, ஆஸ்பத்திரியில எதாச்சும் ஆகாதுன்னு சொல்லி விட்டாங்களா?"

"சாப்பாட்டு விஷயந்தான் அக்கா. நீ கொண்டா."

இதுதான் அவள் கேட்டது, நான் சொன்னது. இதில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

அவள் மறுநாள் வந்தாள். பையைத் திறந்ததும் வீடு முழுக்க அந்த வாடை. பன்னிரண்டு வருஷம் பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடந்த துணி. சட்டைகளை ஒரு அலசு அலசிக் காயவைத்திருந்தாள். சேலையை அதுகூட இல்லை, கூறைச் சேலையைச் சோப்பில் போட்டால் சரிகை போய்விடும் என்று அப்படியே கொண்டுவந்திருந்தாள். கூரைக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டி அதில் சேலையைக் கட்டி உன்னை உள்ளே விட்டோம். இரண்டு பக்கமும் சேலை மூடிக்கொண்டது. உன் மூக்கு மட்டும் தெரிந்தது.

அம்மா அறையிலிருந்து எழுந்து வந்தாள். "அண்ணி, எனக்கே தலை வலிக்குது. இத நல்லா துவச்சு வெயில்ல போட்டுட்டு அப்புறமா கட்டலாமே."

"என் ரெண்டு பயலும் இதுலதான் கிடந்தானுங்க. இப்ப போய்ப் பாரு, ரெண்டும் கதவ மறைச்சுக்கிட்டு நிக்குது. உனக்கு நாத்தமா இருந்தா ஜன்னல்கிட்ட போய் உக்காரு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க அக்கா கொண்டு வந்தத குத்தம் சொல்லாத. உள்ள போ." பிள்ளை பெற்று எட்டு நாள் ஆன மனுஷி. தையல் வலியோடு சுவரைப் பிடித்து நடந்து உள்ளே போனாள்.

நாலு நாள் நீ அதில் கிடந்தாய். இரண்டாம் நாள் உன் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. "வார்டுல இருந்தப்பவும் கொஞ்சம் இருந்துச்சுல்ல" என்றேன். அத்தையிடம் போனில் சொன்னேன். "காலை வெயில்ல காட்டு" என்றாள். சட்டையைக் கழற்றிவிட்டு நடைபாதையில் உன்னை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டுச் சீனக் கிழவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்குப் பெருமை. மூன்றாம் நாள் அம்மா சொன்னாள், "பால் குடிக்க மாட்டேங்கிறான். வாயில வச்சா தூங்கிடறான். ஒண்ணுக்கு டீ கலர்ல இருக்கு."

"தூங்கறானேன்னு சந்தோசப்படு. பெரியவ எவ்வளவு கத்தினா?"

"கிளினிக்குக்குப் போன் பண்ணவா?"

"நாளைக்கு அவங்களே வருவாங்க. சும்மா சும்மா போய் நின்னா சிரிப்பாங்க."

அவள் போன் செய்தாள். எனக்குத் தெரியாமல், குளியலறைக்குள் போய்ச் செய்தாள். அதனால்தான் நாலாம் நாள் மத்தியானம் வர வேண்டிய கிளினிக் தாதி காலை எட்டரைக்கே வந்தார். வயதான தமிழ் அம்மா. பிரசவித்த வீடுகளுக்கு வேனில் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவது அவர் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு கால் வைத்தார். அப்படியே நின்றார்.

"என்ன வாடை இது?"

அவர் வாடை பிடித்துக்கொண்டே தொட்டிலண்டை போனார். சேலையை விலக்கினார். உன் நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சில், தொடையில், உள்ளங்காலில். அழுத்தின இடமெல்லாம் மஞ்சள். உன்னைத் தூக்கி அம்மாவின் சுத்தமான துண்டில் சுற்றினார். கழற்றின உன் சட்டையை என் காலடியில் போட்டார்.

"ஜி சிக்ஸ் பி டி புள்ளைன்னு கார்டுல எழுதியிருக்கு. இந்த வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு யாரு?"

"மிஸ்ஸி, அவன் அத சாப்பிடல."

"மூக்கு இருக்குல்ல அவனுக்கு? நாலு நாளா இத மூடி வச்சு மோந்துக்கிட்டு இருந்திருக்கான். சாப்பிட வேற செய்யணுமா?" கைப்பையை மாட்டிக்கொண்டார். "நின்னுக்கிட்டு இருக்காதீங்க. வேன்லயே போயிடலாம். நீங்க மோட்டார்ல பின்னால வாங்க. உங்க சட்டையும் நாறுது."

பெரிய ஆஸ்பத்திரியில் உன்னை நீல விளக்குக்குக் கீழே வைத்தார்கள். கண்ணைத் துணியால் கட்டியிருந்தது. விளக்கு போதவில்லை. ரத்தத்தை மாற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இளம் டாக்டர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டே கேட்டார், துணியில் அந்துருண்டை கூடாது என்று வார்டில் சொல்லி அனுப்பவில்லையா?

"சொல்லல" என்றேன். "யாரும் ஒண்ணும் சொல்லல டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்போ எழுதிக் கொடுங்க. நான் அந்த வார்டைக் கேக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து எத்தனை நாளோ, "ஊட்டறது மட்டும் இல்லண்ணே" என்று எனக்குச் சொன்னவள். அவள் மேல் எழுதிக் கொடுத்தேன். மோட்டாரின் சீட்டுக்குக் கீழே இருந்த தாளை எடுத்துக் கிழித்துக் கால்வாயில் போட்டேன். அப்புறம் அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

ரத்தம் மாற்றினார்கள். மஞ்சள் இறங்கியது. நீ பால் குடித்தாய். ஆனால் காதுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை தேறட்டும், போவதற்கு முன் கருவி வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். அந்த நாட்களில் அம்மா உன் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணைக் கட்டியிருப்பதால் நீ திரும்புகிறாயா இல்லையா என்று தெரியாது. நான் யாரும் பார்க்காத நேரத்தில் சாவிக்கொத்தைக் குலுக்குவேன். சில சமயம் உன் கை அசையும். சில சமயம் அசையாது. கை அசையாத நாளில் நான் அம்மாவோடு சண்டை போட்டேன். சாப்பாடு ஆறிவிட்டது என்று, போன் எடுக்கவில்லை என்று, எதற்கென்று இல்லை. அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காது பார்க்கிற நாள் வந்தது. நீ தூங்கின பிறகுதான் பார்க்க முடியும். தூங்க வைத்து, ஒரு சின்ன அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் அம்மாவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். காலை பத்து மணி, நடைபாதை முழுக்க ஜனம். அப்போது அத்தை வந்தாள். கையில் மூன்று அடுக்கு டிபன் கேரியர். அம்மாவுக்குப் பத்தியச் சாப்பாடு. அதை நாற்காலியில் வைத்தாள்.

"சுறாப்புட்டு. பூண்டு நிறையப் போட்டிருக்கேன். பால் நல்லா ஊறும்" என்றாள். குரலை அடக்கித்தான் பேசினாள். வீட்டில் பேசுகிற குரல் இல்லை.

அம்மா டிபனைப் பார்க்கவில்லை. "உங்க கையால ஒண்ணும் வேணாம் அண்ணி."

"நான் என்னம்மா பண்ணினேன்? தெரிஞ்சா கொண்டாந்தேன்?"

"சொன்னேன்ல, வாடை அடிக்குதுன்னு. ஜன்னல்கிட்ட போய் உக்காருன்னீங்க."

"நீ வாடைன்னுதான் சொன்ன. புள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னியா? சொல்லியிருந்தா அந்தச் சேலைய அங்கேயே கொளுத்தியிருப்பேன்." என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, உன்கிட்ட போன்ல கேட்டேன்ல? ஆஸ்பத்திரியில எதாச்சும் ஆகாதுன்னு சொன்னாங்களான்னு கேட்டேனா இல்லியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "கேட்டாங்களா?"

கதவு சாத்தியிருந்தது. உள்ளே நீ இருந்தாய். உனக்குக் காது கேட்காது என்று இன்னும் ஐந்து நிமிஷத்தில் ஒருவர் வந்து சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது யாரால் என்று ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. யோசித்துச் சொன்னதாகச் சொல்ல மாட்டேன், வாய் தானாகச் சொன்னது.

"கேக்கல" என்றேன். "இவ எப்ப கேட்டா? இவ பாட்டுக்குத் தூக்கிக்கிட்டு வந்தா. என் புள்ளைய நாசமாக்கிட்டு இப்ப புட்டு தூக்கிக்கிட்டு வந்து நிக்கறா. போ. என் வாசல்ல இனிமே கால் வைக்காத."

நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை திட்டுவாள் என்று நினைத்தேன், அவளுக்குத் திட்டத் தெரியும். "நீயாடா" என்று மட்டும் சொன்னாள். பிறகு கைப்பையைத் தேடினாள். அது அவள் தோளில்தான் இருந்தது. திரும்பி லிப்ட் பக்கம் போகாமல் படிக்கட்டில் இறங்கிப் போனாள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் கையைப் பிடித்தாள். நான் அவள் பக்கம் நின்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

கதவு திறந்தது. கருவி பார்க்கிற பெண் வந்து, இரண்டு காதும் சரியாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் சரியாகத்தான் இருந்தது. சின்னவனே, உன் காதில் ஒரு குறையும் இல்லை. கூப்பிட்டால் வராதது உன் திமிர்.

அத்தை அன்றைக்குப் பிறகு வரவில்லை. நானும் போகவில்லை. உங்கள் அம்மா இத்தனை வருஷமாக அத்தையை வெறுத்தது நான் சொன்ன அந்த ஒரு சொல்லால். வெறுப்பதற்கு அம்மாவுக்கு நியாயம் இருந்தது, ஆனால் ஆள் மாறிப்போச்சு. தாளில் அந்துருண்டை இருந்தது அத்தைக்குத் தெரியாது, அத்தை போனில் கேட்டது நிஜம் என்று அம்மாவுக்குத் தெரியாது, இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். இந்தத் தாளை முதலில் அம்மாவிடம்தான் கொடுக்கப் போகிறேன். அவள் படித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். உங்கள் கையில் இது இருந்தால், அவள் என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனாள். எனக்கு உள்ளே இடமில்லை. டிபன் கேரியர் நாற்காலியிலேயே இருந்தது. "அதக் குப்பையில போட்டுடுங்க" என்று அம்மா போகும்போது சொன்னாள். எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மோட்டார் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாயும் சிமெண்டு மேடையும் இருந்தன. யாரும் இல்லை. மூடியைத் திறந்தேன், இன்னும் சூடாக இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கென்று செய்த புட்டு. நின்றபடியே மூன்று அடுக்கையும் கையால் அள்ளித் தின்று முடித்தேன். பிறகு குழாயைத் திறந்து அடுக்கு அடுக்காகக் கழுவி, மேடையில் கவிழ்த்து வைத்து, தண்ணீர் வடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.